அமெரிக்கர் எனப்படுவோர் யாவர்?

நிலத்தின் பெயரால் அந்நிலத்து மக்களைச் சுட்டும் சொல்லைத் தொல்காப்பியர் நிலப்பெயர் என்று வகுத்து உயர்திணைப் பெயர்களுள் சேர்த்தார். உரையாசிரியர்கள் அதற்கு அருவாளன், சோழியன் என எடுத்துக்காட்டுகள் தந்து மேலே சென்றுவிட்டனர். சோழ நாட்டான் சோழியன் என்பதில் எவரும் ஐயுற வேண்டியிராத காலம் அது. தனக்கென்று ஒரு பெயரும் சூட்டிக்கொள்ளாமல், தான் அமர்ந்திருக்கும் பெருநிலப்பரப்பின் பெயரையே எடுத்துப் போர்த்திக்கொண்ட ஒரு நாடு பின்னாளில் தோன்றும் என்றும், அதன் குடிமக்களை எவ்வாறு அழைப்பது என்று அண்டை மொழிகள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் திண்டாடும் என்றும் அவர்கள் எண்ணியிருக்க இடமில்லை.

அமெரிக்க ஐக்கிய நாடுகள் என்ற தொடரைக் கூர்ந்து நோக்குவோர்க்கு அதில் இரண்டு செய்திகள் மட்டுமே கிடைக்கும்: சில நாடுகள் ஒன்றுசேர்ந்துள்ளன, அவை அமெரிக்காவில் உள்ளன. ஒன்று அமைப்பு விவரம், மற்றொன்று முகவரி. பெயர் எழுத வேண்டிய இடம் காலியாகவே விடப்பட்டுள்ளது. அந்த முகவரியும் முதலில் வேறொருவருடையது. 1507இல் லொரேன் பகுதியின் செயின்ட் டியே நகரிலிருந்து மார்ட்டின் வால்ட்ஸேமுல்லர் வெளியிட்ட உலகப்படத்தில், ஃபுளோரன்ஸ் நகரத்தவரான அமெரிக்கோ வெஸ்புச்சியின் பெயர், ஐரோப்பா, ஆசியா என்பன போலப் பெண்பாலாக்கப்பட்டு, இன்று பிரேசில் விளங்கும் தென்பகுதியின் மீது பொறிக்கப்பட்டது. 1513இல் அவரே வெளியிட்ட மற்றொரு படத்தில் அப்பெயரை நீக்கிவிட்டார். ஆனால் அச்சேறிய பெயர் அதற்குள் ஊர் சுற்றத் தொடங்கிவிட்டது. 1538இல் மெர்கேட்டர் அதை வடபகுதிக்கும் நீட்டினார். முந்துரிமை பார்த்தால் பிரேசில்காரர்களே முதல் அமெரிக்கர்கள் என்பதும், வாஷிங்டன்காரர்கள் பிற்சேர்க்கை என்பதும் பெறப்படும். அவ்வுலகப்படத்தின் எஞ்சியிருக்கும் ஒரே படியை 2003இல் வாஷிங்டனிலுள்ள நாடாளுமன்ற நூலகம் 1 கோடி டாலர் கொடுத்து வாங்கிக் காட்சிக்கு வைத்துள்ளது. பெரும்பணம் கொடுத்து மூலப்பத்திரத்தை மீட்டு விரித்துப் பார்த்தால், மனை அடுத்த தெருவில் இருப்பதாக அதில் எழுதியிருந்த கதைதான்.

அடுத்த தெருக்காரர்கள் இதை மறக்கவில்லை. ஸ்பானிய மொழி பேசும் பெருவாரியான மக்கள் பெரு, சிலி, அர்ஜென்டினா முதலிய நாடுகளில் வாழ்வதால், 'அமெரிக்கானோ' என்ற சொல் தங்களையும் குறிக்கும் என்றே கருதுகின்றனர். ஆகவே வடக்கே உள்ளவரைக் குறிக்க அம்மொழி 'எஸ்தாதோஉனிதென்சே' என்ற சொல்லை ஆக்கியது. ஐக்கிய நாடுகளைச் சேர்ந்தவர் என்பது அதன் பொருள். ஸ்பெயினின் அரச மொழிக்கழகமும் அதன் உறவுக் கழகங்களும் 2005இல் வெளியிட்ட ஐயந்தீர்க்கும் அகராதி, இச்சொல்லையே ஆளுமாறும், அமெரிக்கானோ என்பதை ஒரே நாட்டாருக்கு ஒதுக்கிக் கொடுக்கலாகாது எனவும் அறிவுறுத்துகிறது. ஐயம் தீர்ந்தது என்று எழ முற்படும் வாசகர் சற்று அமர வேண்டும். ஏனெனில் மெக்சிகோவின் அதிகாரபூர்வமான முழுப்பெயர் ஐக்கிய மெக்சிகோ நாடுகள் என்பதாகும். கொலம்பியா 1863 முதல் 1886 வரையிலும், வெனிசுவேலா 1864 முதல் 1953 வரையிலும், பிரேசில் 1889க்குப் பிறகு முக்கால் நூற்றாண்டுக்கு மேலும் தங்களை ஐக்கிய நாடுகள் என்றே அழைத்துக்கொண்டன. அமெரிக்கர் என்ற சொல்லில் உரிமை கோருவோர் மிகுதி என்று அதைத் தள்ளி, அவர்களுள் பலர் ஏற்கெனவே ஆண்டு பழகிய மற்றொரு சொல்லைத் தேர்ந்தெடுத்த செயலை மொழிநுட்பம் என்பதா, குறும்பு என்பதா என்று துணிவது அரிது. 'வடஅமெரிக்கர்' என்று சொல்லித் தப்பலாமெனில், கனடாவினரும் மெக்சிகோவினரும் அவ்வரம்புக்குள் நிற்கின்றனர். வசைகூடத் துல்லியமாக அமையவில்லை: கிரிங்கோ என்பது பிரேசிலில் அர்ஜென்டினாக்காரர் உட்பட எந்த அயல்நாட்டாரையும் குறிக்கும், யாங்கி என்பதோ அயலார் வாயில் அந்நாட்டார் அனைவரையும், அந்நாட்டின் தென்மாநிலத்தார் வாயில் வடக்கத்தியாரை மட்டும் குறிக்கும்.

கால்பந்து உலகம் இச்சிக்கலைத் தன் போக்கில் கையாண்டது. 1916இல் தொடங்கிய தென்னமெரிக்கப் போட்டி 1975 முதல் கோபா அமெரிக்கா, அதாவது அமெரிக்கக் கோப்பை, எனப் பெயர்பெற்றும், உலகம் அமெரிக்கா என்று அறிந்த நாடு 1993இல்தான் அதில் ஆடியது, அதுவும் அழைப்பின்பேரில் விருந்தாளியாக. (அந்நாடு தன் பேஸ்பால் இறுதிப்போட்டிக்கு உலகத் தொடர் என்று பெயரிட்டிருப்பதை இங்கு நினைவுகூர்வது பெருந்தன்மையாகாது.)

அந்நாட்டிலும் இக்குறையை உணர்ந்தோர் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மருத்துவரும் அரசியலாளருமான சாமுவேல் லாதம் மிச்சில், விடுதலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு லத்தீன் வால் ஒட்டி ஃப்ரெடோனியா என நாட்டுக்குப் பெயர் சூட்டுமாறும், மக்களை ஃப்ரெடோனியர் என அழைக்குமாறும் பரிந்துரைத்தார். நாடு அதை ஏற்கவில்லை. நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்று ஏற்றது. 1933இல் மார்க்ஸ் சகோதரர்கள் தங்கள் 'டக் சூப்' படத்தில் வரும் கோமாளி நாட்டுக்கு அதையொத்த பெயரை வைத்ததோடு அதன் அரசியல் வாழ்வு நிறைவுற்றது. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் 'உசோனியர்' என்ற சொல்லைப் பரப்ப முயன்றார். அச்சொல் மனிதர்மேல் ஒட்டாமல், 1930களிலிருந்து அவர் கட்டிய சிக்கனமான வீடுகளின்மேல் ஒட்டிக்கொண்டது. எந்த நாட்டுக்கும் உரிமையில்லாத எஸ்பெராண்டோ மொழியில் மட்டும் உசோனானோ என்பது அந்நாட்டாருக்குரிய முறையான பெயராய் விளங்குகிறது.

தொலைவிலுள்ளோர்க்கு இத்தகைய மனக்கசப்புகள் இல்லை. அமெரிக்கா என்பதன் ஒலியை எழுத்துகளில் அடக்கும்போது சீனர் அழகைக் குறிக்கும் எழுத்தையும், ஜப்பானியர் அரிசியைக் குறிக்கும் எழுத்தையும் பயன்படுத்தினர். அதனால் சீனத்தில் அவர்கள் அழகிய நாட்டினர், ஜப்பானிய எழுத்தில் அரிசி நாட்டினர். அந்நாட்டில் விளைந்த அரிசியைப் பற்றி ஜப்பானியச் செய்தித்தாள் எழுத நேர்ந்தால் ஒரே எழுத்து முன்னொருமுறை நாடாகவும் பின்னொருமுறை சோறாகவும் நின்று பணியாற்றும்.

தமிழ்மொழி 'அமெரிக்கர்' என்ற சொல்லோடு அமைந்துகொண்டதை முன்யோசனை என்றே பாராட்ட வேண்டும். ஸ்பானியத்தைப் பின்பற்றி ஐக்கிய நாட்டினர் என்று சொல்லியிருந்தால், அது நியூயார்க்கில் உள்ள ஐக்கிய நாடுகள் சபையில் கோப்பு பார்க்கும் அலுவலர்களைக் குறித்திருக்கும். ஆனால் தமிழருக்கு வேறொரு திசையிலிருந்து வினை வந்தது. 1492இல் இந்தியாவை அடைந்துவிட்டதாக நம்பிய கொலம்பஸ், எதிர்ப்பட்டோரை இந்தியர் என்றழைத்தமையால், இந்தியரின் நிலப்பெயர் அவர்களைக் கேளாமலேயே கடல் கடந்தது. உண்மையான இந்தியர்கள் அம்மக்களுக்குச் செந்நிறம் பூசிச் செவ்விந்தியர் என்று பிரித்தறிய வேண்டியதாயிற்று. 1824இல் அமைந்த அமெரிக்க அரசின் இந்தியர் விவகாரப் பணியகத்தில் இந்தியர்க்கு ஆக வேண்டிய காரியம் ஒன்றுமில்லை. இந்தியாவிலிருந்து குடியேறியோர்க்கென 1980இன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'ஆசிய இந்தியர்' என்ற தனிக்கட்டம் தரப்பட்டது. இந்திய அமெரிக்கர் என்பார் வேறு, அமெரிக்க இந்தியர் என்பார் வேறு. சொற்களை இடம் மாற்றிப் போடுவோர் ஒரு மக்களினத்தையே மாற்றிவிடுவர்.

ஸ்பானியத்திலும் 'இந்தியோ' என்ற சொல் பழங்குடியினருக்குப் போய்விட்டதால், இந்தியாவிலிருந்து வருபவரைச் சமயம் பாராது 'இந்து' என்று அழைப்பது அங்கே பெருவழக்கு. அகராதியும் அதை ஏற்றிருக்கிறது. எனவே நாகூரிலிருந்து நியூஜெர்சிக்குக் குடிபெயர்ந்து குடியுரிமையும் பெற்ற ஒரு முஸ்லிம் பெரியவர், கணக்கெடுப்புப் படிவத்தில் ஆசிய இந்தியராகவும், செய்தித்தாளில் இந்திய அமெரிக்கராகவும் வாழ்ந்துவிட்டு, விடுமுறைக்கு மெக்சிகோ செல்வாராயின், ஐக்கிய மெக்சிகோ நாடுகளின் அதிகாரி ஒருவர் அவருடைய கடவுச்சீட்டைப் பார்த்து ஐக்கிய நாட்டவர் என்றும், தொப்பியணிந்த முகத்தைப் பார்த்து இந்து என்றும் முடிவு செய்து, அமெரிக்காவுக்கு நல்வரவு என்று உள்ளே விடக்கூடும்.