வெரட்டுன உப்பு டப்பாவுல வந்த கதை

ஏலே, இங்க வா. ராத்திரி படுக்கப் போவும்போது எண்ணி ஒரு மாத்திரை வாயில போடுதியே, அது என்னலே? காபாவா? மனச அமைதியாக்குமா? சரி, அமைதியா உக்காரு.

அன்னைக்கு உங்க அம்மா ஓட்டல் பிரைடு ரைஸைத் தூக்கித் தூரப் போட்டாளே, எதுக்கு? அஜினோமோட்டோ உப்பு இருக்குன்னு. விஷம்னு வாட்சப்புல வந்துச்சாம். நீயும் பக்கத்துல நின்னு தலையாட்டுன. இப்ப டப்பாவைத் திருப்பிப் பாரு. நொதிக்க வச்சு எடுத்ததுன்னு போட்டிருக்கா? அப்ப கேட்டுக்க. அந்த உப்பையே கிருமிக்குத் தின்னக் குடுத்துதாம்லே காபா எடுக்காவ. ஏன் முழிக்க?

கிருமி பேரு லாக்டோபாசில்லஸ் பிரெவிஸ். பேரைக் கேட்டு மெரளாத. தயிரு, மாவு எல்லாம் புளிக்க வைக்குத கூட்டத்துக்குப் பங்காளிதான். கொரியாக்காரன் கிம்ச்சியில குடியிருப்பான். அவனத் தொட்டியில விட்டு, சீனியும் அந்த உப்பையும் போட்டு, வெதுவெதுன்னு வச்சா வேலை தொடங்கிரும். அந்த உப்புதான் குளுட்டமேட்டு. 1908-ல ஜப்பான்ல கிகுனே இகேடான்னு ஒரு வாத்தியார் கடல்பாசியில இருந்து பிரிச்சாரு. இப்ப அதையும் வேறொரு கிருமியை வச்சுத்தான் செய்யுதாவ. ஆக, ஒரு கிருமி செஞ்சத இன்னொரு கிருமிக்கு ஊட்டி, மிச்சத்த உனக்கு ஊட்டுதாவ.

அவன் எதுக்குக் காபா செய்யுதான், உன் தூக்கத்துக்கா? போலே! சீனியைத் தின்னு அவன் விட்ட புளிப்பு அவனையே நெருக்குது. உடனே குளுட்டமேட்ட உள்ள இழுக்கான். பி6 சத்தைத் துணைக்கு வச்சுக்கிட்டு, அதுல இருந்து கரியமில வாயுவை ஒடிச்சு வெளிய விடுதான். அந்த வேலையில உள்ள இருக்க அமிலமும் கொஞ்சம் செலவாவுது. மிஞ்சுததுதான் காபா. அதை வெளிய தள்ளிட்டு மூச்சு விடுதான். ஒழுகுத வீட்டுக்காரன் தண்ணிய இறைச்சுத் தெருவுல ஊத்துதான், நீ அதக் குப்பியில அடைச்சுக் காசு குடுத்து வாங்குத.

இன்னொன்னு கேளு. இந்தச் சாமான 1949-ல உருளைக்கிழங்குல கண்டாவ. மறுவருசம் மூளையில கண்டாவ. சில மண்டையப் பாத்தா ரெண்டுக்கும் வித்தியாசம் பெருசா இல்லைன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். உன்னச் சொல்லலலே, கோவப்படாத. மூளையில நரம்புத் துடிப்ப அடக்குதது காபாதான், நெசம். ஆனா அதை மூளையே செய்யுது. எதுல இருந்து? அதே குளுட்டமேட்டுல இருந்து! வெளியில இருந்து நீ முழுங்குத காபாவ ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல இருக்க தடுப்பு லேசுல உள்ள விடாது. கொஞ்சமாவது போவுதா, இல்ல குடல் நரம்பு வழியா ஏதும் செய்யுதான்னு படிச்சவுக இன்னும் சண்டை போடுதாவ. லேசா ரத்தக்கொதிப்பு இருக்கவுகளுக்குக் காபா உள்ள புளிச்ச பால் குடுத்து, கொஞ்சம் எறங்குச்சுன்னு ஜப்பான்ல 2003-ல எழுதுனாவ. அதுக்காகக் கொதிப்பு மாத்திரையத் தூக்கி எறிஞ்சிராத, உங்க பாட்டி கிட்டயும் சொல்லி வை.

ஜப்பான்ல 2005-லயே காபா போட்ட சாக்லேட்டு வந்துட்டு. 2015-ல புதுசா ஒரு சட்டமும் வந்துச்சு. இன்ன பலன்னு கம்பெனியே ஆதாரம் காட்டி அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்துட்டு, டப்பாவுல அச்சடிச்சுக்கிடலாம். அரசாங்கம் சோதிச்சுப் பாத்து முத்திரை குத்துனதுன்னு அதுக்கு அர்த்தம் இல்ல. உனக்கு எழுத்தப் பாத்தாலே கொட்டாவி வருது. அதுதான் பலனோ என்னவோ!

என்ன சொல்லுத? ‘அப்பம் நம்ம பழைய சோத்துல எல்லாமே இருக்குன்னு வீடியோ போடுதேன் தாத்தா’வா? அடேய், அது இதவிடப் பெரிய அளப்பு. எந்தக் கிருமி வந்து உக்காருதான், அவனுக்குத் தோதா குளுட்டமேட்டு கெடைக்குதான்னு பாத்துத்தான் காபா வாறதும் வராததும். உங்க வீட்டுச் சட்டியில அளந்து பாத்தவன் யாரு? பசிச்சாத் தின்னு, வெங்காயத்தக் கடிச்சுக்க. அதுக்கு எதுக்குலே சர்டிபிகேட்டு?

வாங்குனது வாங்கிட்ட, தின்னு தீரு. டப்பாவ மட்டும் தூரப் போட்டுராத. மூடி நல்லா இறுக்கமா இருக்கு, எனக்கு மூக்குப்பொடி வைக்க ஆவும்.