மூன்று புட்டிகளில் ஒரு கண்டம்

அமெரிக்கப் பெருநகரங்களில் பழைய சரக்குக் கிடங்குகளையும் சந்தைக் கட்டடங்களையும் புதுப்பித்து அமைக்கப்படும் உணவுக்கூடங்களில், அதாவது சுற்றிலும் சிறு கடைகளும் நடுவே பொது மேசைகளும் கொண்ட இடங்களில், 'ஆசியத் தாக்கம் பெற்ற உணவு' என்னும் பலகையைக் காணாதிருப்பது அரிது. கண்டங்களில் பெரியதான ஆசியா இப்பலகையின் கீழ் சோயா சாறு, எள்ளெண்ணெய், மிளகாய் விழுது என்ற மூன்று புட்டிகளில் அடங்கிவிடுகிறது; ஏமனும் யாழ்ப்பாணமும் யாரையும் தாக்கியதாகத் தெரியவில்லை.

இவ்வகைப் பட்டியல்களில் இடம்பெறும் 'ஜெனரல் ட்ஸோ கோழி'யின் வரலாறு தனிக் கவனத்துக்குரியது. 1885இல் மறைந்த, சீனாவின் ஹுனான் மாகாணத் தளபதியின் பெயரை, 1949இல் தைவானுக்குக் குடிபெயர்ந்த பெங் சாங்குவெய் என்ற சமையற்கலைஞர் காரமும் புளிப்புமான தம் பதார்த்தத்துக்குச் சூட்ட, நியூயார்க் அதை மொறுமொறுவென்று பொரித்துச் சர்க்கரைப் பாகில் புரட்டித் தன்னுடையதாக்கிக்கொண்டது. தம் பெயரில் எதைத் தின்கிறார்கள் என்று அறியாமலே போய்ச் சேர்ந்தது தளபதியின் நல்லூழ் எனலாம். 'நண்டு ரங்கூன்' என்னும் பொரித்த மடிப்பினுள் இருக்கும் பாலாடைக்கட்டியைப் பற்றி ரங்கூன்வாசிகளிடம் கேட்காதிருப்பதே மரியாதை.

பணம் கட்டியவரிடம் தரப்படும் 'பேஜர்', உணவு தயாரானதும் சிவப்பு விளக்கு மின்ன அதிரும் வட்டக் கருவி, உறுமியபடி மேசையில் நகர்ந்து தண்ணீர்க் குவளையில் முட்டுகையில், உண்ண வந்தவரே பரிமாறுபவராக மாறி எழுந்து ஓடுகிறார். பரிமாறுதலுக்கான அன்பளிப்பு 18, 20, 25 விழுக்காட்டில் எது என்று பணம் கட்டும் திரை அவரிடம் முன்னமே கேட்டுவிட்டிருந்தது.