இஸ்திரி வண்டி இல்லாத ஏரியா

சென்னையில் வசதியான வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் கல்யாணப் பந்தியில் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்தால், சாம்பார் வாளி வருவதற்குள் "சார் எந்த ஏரியா?" என்ற கேள்வி வந்துவிடும். அங்கிருந்து ஏலம் ஆரம்பம். அடையாறுக்காரர் கடல்காற்றில் தொடங்குவார். அந்தக் காற்றுதான் தன் வீட்டு ஜன்னல் கம்பியையும் ஏசியின் வெளிப்பெட்டியையும் வருஷா வருஷம் துருவாக்கித் தின்கிறது என்பதை மட்டும் சொல்லமாட்டார். அண்ணா நகர்க்காரர் அவென்யூக்களின் அகலத்தைச் சொல்லிவிட்டு, 1968-ல் உலக வர்த்தகக் கண்காட்சிக்காக எழுப்பிய 135 அடி கோபுரத்தைத் தானே செங்கல் அடுக்கிக் கட்டியதுபோல விவரிப்பார். ஓ.எம்.ஆர்.காரர் கிளப் ஹவுஸ், நீச்சல் குளம், டென்னிஸ் கோர்ட் என்று வரிசையாக அடுக்குவார். இவற்றில் எதை எப்போது கடைசியாகப் பயன்படுத்தினார் என்று கேட்பது நாகரிகமில்லை. மயிலாப்பூர்க்காரர் "மயிலாப்பூர்" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டு ரசத்துக்குக் குழி கட்டப் போய்விடுவார். போட் கிளப்காரர் பந்தியில் இருக்கவே மாட்டார். மேடையேறி மொய்க்கவரைக் கொடுத்துவிட்டு எப்போதோ கிளம்பியிருப்பார்.

காற்று, அகலம், குளம், பெயர் ஆகிய எதை வைத்து அளந்தாலும் ஏரியாவின் சுகம் பிடிபடுவதில்லை. என் கட்சி வேறு. பணக்கார ஏரியா ஒன்று குடியிருக்க எவ்வளவு தோதானது என்பதை அங்கே இருக்கும் பணம் தீர்மானிப்பதில்லை. பணம் இல்லாதவர்கள் அதற்கு எத்தனை கிட்டத்தில் குடியிருக்க முடிகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. இதை அளக்க ஒரு கருவியும் உண்டு: தெருமுனை இஸ்திரி வண்டி. சைக்கிள் சக்கரம் மாட்டிய மேஜை, மேலே தகரமோ தார்ப்பாயோ, பெரும்பாலும் ஒரு தூங்குமூஞ்சி மரத்து நிழல். காலையில் கரிப்பெட்டியை விசிறிக் கனல் ஏற்றும்போது பொறி பறக்கும். பழைய போர்வையில் கட்டிய மூட்டைகள் வண்டிக்கு அடியில் கிடக்கும். எந்த முடிச்சு எந்த வீட்டுடையது என்று அவருக்கு மட்டும் தெரியும். எந்த வீட்டில் பையன் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறான், எந்த வீட்டில் ஐயா ரிட்டையர் ஆகிவிட்டார் என்பதெல்லாம் அந்த மூட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் நான் அவரை அளவுகோலாக்குவது அதற்காக அல்ல. உருப்படிக்கு இத்தனை ரூபாய் என்று வாங்குகிறவரால் தூரத்திலிருந்து தினமும் வந்துபோய்க் கட்டுப்படியாகாது. கனல் இருக்கும் பெட்டியோடு பஸ்ஸில் ஏறவும் முடியாது. ஆகவே வண்டி ஓரிடத்தில் நிற்கிறது என்றால் அவர் வீடு நடக்கிற தூரத்தில் இருக்கிறது என்று பொருள். அவர் வீடு இருந்தால் பக்கத்திலேயே பிளம்பர் இருப்பார், பூக்காரம்மா இருப்பார், சமையலுக்கு வரும் மாமி இருப்பார், மாவு மில் இருக்கும், குக்கர் கைப்பிடி மாட்டித் தருகிறவரும் இருப்பார். ஒரு வண்டியைப் பார்த்து மொத்த ஊரையும் கணித்துவிடலாம்.

இந்தக் கணக்கில் பழைய நகர்கள் ஜெயிப்பதற்குக் காரணம் வீட்டு வசதி வாரியம். அண்ணா நகரும் பெசன்ட் நகரும் வாரியம் வரைந்த மனைப்பிரிவுகள். எல்.ஐ.ஜி., எம்.ஐ.ஜி., எச்.ஐ.ஜி. என்று குறைந்த, நடுத்தர, உயர்ந்த வருவாய்க்காரர்களுக்குத் தனித்தனி அளவில் வீடு கட்டி, மூன்று பேரையும் ஒரே கடைத்தெருவுக்கு அனுப்பிய அரசாங்கப் புத்தி அது. குமாஸ்தாவும் என்ஜினியரும் ஒரே ரேஷன் வரிசையில் நின்றார்கள். இன்று பெசன்ட் நகரில் ஒரு எல்.ஐ.ஜி. வீட்டை வாங்க வேண்டுமென்றால் மிக உயர்ந்த வருவாய்க்காரராக இருந்தால்தான் முடியும். அது வேறு கதை. நகருக்கு முன்பே அங்கே இருந்தது ஊரூர் ஆல்காட் குப்பம். காலையில் மீனும் இன்னும் பல வேலைகளுக்கான கைகளும் அங்கிருந்துதான் நகருக்குள் வருகின்றன. குப்பத்திலிருந்து நகருக்கு மீன் போகச் சில நிமிடம் போதும்; நகரிலிருந்து குப்பத்துக்குக் கர்நாடக சங்கீதம் போய்ச்சேர 2015 ஆயிற்று. டி.எம். கிருஷ்ணா முதலானோர் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா அந்த வருஷம்தான் ஆரம்பித்தது.

"அமைதி என்று ஒன்று இருக்கிறதே, போட் கிளப் சாலையில் இலை விழும் சத்தம் கேட்குமே" என்று சிலர் சொல்வார்கள். கேட்கும்தான். இலையைத் தவிர வேறொன்றும் அங்கே நடமாடுவதில்லை. மதில், கேட், கேமரா, மறுபடி மதில். தலைவலி மாத்திரை ஒன்று வாங்க வேண்டுமானாலும் கார் எடுக்க வேண்டும். காரை எடுக்க டிரைவர் வேண்டும். டிரைவர் வரப் பஸ் வேண்டும். இப்படி ஒரு தலைவலி மூன்று பேருடைய தலைவலி ஆகும். இதை வசதி என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பகுதிக்குப் பெயர் தந்த படகுச் சங்கம் 1867-லிருந்து இருக்கிறது. அதன் ரேஸ் படகுகள் கத்திபோல மெலிந்தவை. பார்க்க அழகு, பாட்டியையும் கேஸ் சிலிண்டரையும் ஏற்ற உதவாது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் பெருகி அக்கம்பக்கத்து கோட்டூர்புரம் முழுகியபோது, மாடியில் மாட்டிக்கொண்டவர்களை மீட்க வந்தவர்களில் மீனவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள், தங்கள் மீன்பிடிப் படகுகளோடு. ஆபத்துக் காலத்தில் உதவியது கிட்டத்தில் ஒரு குப்பம் இருந்ததுதான்.

ஓ.எம்.ஆர். விஷயம் இன்னும் சுவாரசியம். அங்கே தெருமுனை கிடையாது. அதனால் தெருமுனை வண்டியும் கிடையாது. இஸ்திரிக்காரர் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் ஒரு தூணுக்குப் பின்னால், கழுத்தில் அடையாள அட்டையோடு நிற்பார். அசோசியேஷன் மனம் மாறும்வரை அந்தத் தூண் அவருடையது. வீட்டு வேலைக்கு வரும் அக்கா கேட்டில் நுழைந்ததும் முதலாளியம்மாவின் போனில் மணி அடிக்கும். பாத்திரம் துலக்கியதற்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று செயலி கேட்கும். துலக்கியவர் அந்த வீட்டுக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பார் என்று கேட்க இன்னும் செயலி வரவில்லை. வந்தால் மனை விலையே ஆட்டம் காணும். லிஃப்டிலும் தனிப் பாதை உண்டு: வீட்டுக்காரர்களுக்கு ஒன்று, "சர்வீஸ்" என்று எழுதியது ஒன்று. நாய்க்கு எந்த லிஃப்ட் என்பதில் வாட்ஸ்அப் குரூப்பில் மாதக்கணக்கில் விவாதம் நடக்கும்.

அந்த அக்கா எங்கிருந்து வருகிறார் என்பதில்தான் என் வாதத்தின் முதுகெலும்பு இருக்கிறது. பெரும்பாலும் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 2000-த்தில் தொடங்கிய கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். கூவம், அடையாற்றுக் கரைகளிலும் நகரின் நடுப்பகுதியிலும் குடிசை போட்டிருந்தவர்களை அரசு பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய்க் குடிவைத்தது; 2015 வெள்ளத்துக்குப் பின் இன்னும் பல குடும்பங்கள் பெரும்பாக்கம் போயின. அங்கே வீடு இருந்தது, வேலை இல்லை. மயிலாப்பூரிலும் ஆழ்வார்ப்பேட்டையிலும் வேலை இருந்தது, வேலை செய்ய ஆள் இல்லை. ஆகவே விடியற்காலையில் பஸ் ஏறிப் பழைய வீடுகளுக்கே வேலைக்கு வந்தவர்கள் ஏராளம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குப் பயணம் இலவசம். அந்தத் திட்டத்தை டிராயிங் ரூமில் உட்கார்ந்து "ஓசி" என்று திட்டுகிறவர்களின் சமையலறைக்கு ஆள் சேர்ப்பதே அந்த ஓசி பஸ்தான். வீட்டு வேலைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பஸ் காசை அரசாங்கம் கொடுக்கிறது. இதில் மானியம் வாங்குவது யார் என்று ஆடிட்டர்கள்தான் சொல்ல வேண்டும்.

"இதெல்லாம் பழைய காலம். பத்து நிமிஷத்தில் எதையும் கொண்டுவந்து தருகிறார்கள், தெருமுனை எதற்கு?" என்பது இன்றைய இளைஞர் கட்சி. கறிவேப்பிலை வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குக்கரின் கேஸ்கட்டைப் பொருத்திப் பார்த்து "இது வேற கம்பெனி சார்" என்று செயலி சொல்லாது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பிளவுஸைப் பிரித்துவிடாது. சேலைக்கு ஃபால்ஸ் அடிக்காது. செருப்பு வார் அறுந்தால் புதுச் செருப்பு விற்கும், தைத்துத் தராது. தவிர, பத்து நிமிஷத்தில் வரும் அந்தப் பையனும் எங்கோ வாடகைக்குத்தான் இருக்கிறான். அவனுக்கு வாடகை கட்டுப்படியாகாத நாள் வந்தால் பத்து நிமிஷம் நாற்பதாகும்.

விலையைக் காட்டி வாதிடுவோரும் உண்டு: சந்தைக்குத் தெரியாததா, எங்கே கிரவுண்ட் விலை அதிகமோ அங்கேதானே வாழ்க்கை நன்றாக இருக்கும்? கிரவுண்ட் விலை மண்ணுக்கானது, அதன்மேல் நடக்கும் வாழ்க்கைக்கு யாரும் கைடுலைன் வேல்யூ போடுவதில்லை. ஆனாலும் என் அளவுகோலை எல்லை மீறி நீட்டினால் தி.நகரில் போய் முட்டும் என்பது உண்மை. அங்கே வண்டி, கடை, ஆள் எதற்கும் பஞ்சமில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் சொந்த வீட்டு கேட்டைத் திறக்கத்தான் வழியில்லை. 1920-களில் நீண்ட ஏரியைத் தூர்த்து எழுப்பிய குடியிருப்பு அது. தண்ணீர் போன இடத்தில் இப்போது ஜனம் அலையடிக்கிறது.

கடைசி ஆட்சேபம் கனமானது. "ஏழைகள் பக்கத்தில் இருந்தால் உனக்கு வேலை நடக்கும் என்கிறாய், இது ஆண்டான் காலத்துச் சுகமில்லையா?" கேள்வி நியாயமானது. நான் சொல்வதை ஏழைகளின் நன்மை என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பணக்காரர்களின் சுயநலக் கணக்கு என்றே சொல்கிறேன். அந்தக் கணக்கைக்கூட அவர்கள் சரியாகப் போடுவதில்லை என்பதுதான் வேடிக்கை. மயிலாப்பூர்ப் பக்கத்து நொச்சிக்குப்பம் லூப் சாலையில் ஓரமாக மீன் விற்றவர்களை, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 2023 ஏப்ரலில் மாநகராட்சி அகற்றியது. மீனவர்கள் மறியல் செய்தார்கள். அந்தச் சாலையில் போக்குவரத்தை நிறுத்தியதில் பாதிப் பங்கு, காரை நடுரோட்டில் நிறுத்தி ஜன்னலை இறக்கி வஞ்சிரம் என்ன விலை என்று கேட்டவர்களுடையது. அவர்களை யாரும் அகற்றவில்லை. பிறகு அங்கேயே நவீன மீன் அங்காடி கட்டிக்கொடுத்தார்கள்.

தீர்ப்பு கேட்டால் இதோ: பெசன்ட் நகருக்கு முதலிடம், குப்பம் அங்கே இருக்கும்வரை. மயிலாப்பூருக்கு அடுத்த இடம். மெட்ரோ பள்ளம் மூடியதும் மறுபரிசீலனை. அண்ணா நகருக்கு மூன்றாவது; அயனாவரமும் வில்லிவாக்கமும் பக்கத்தில் இருப்பதால் வந்த மதிப்பெண் அது, கோபுரத்துக்கானது அல்ல. ஓ.எம்.ஆருக்கு நான்காவது. போட் கிளப் பாஸாகவில்லை. உங்கள் அசோசியேஷன் பொதுக்குழுவில் நடைபாதை வண்டிகளை அகற்றச் சொல்லி மனு சுற்றுக்கு வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள்: நாளைக்கு ஆபீசுக்குப் போட்டுப்போகும் சட்டை யாரிடம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.