மாட்டிக்கிச்சு: கடல்மேல் எழுந்த ஒரு சொல்லின் பொருளாராய்ச்சி

மாசி மாதத்துக் காலை ஒன்றில், திருச்செந்தூருக்குத் தெற்கே உள்ள மணப்பாட்டுக் கரையிலிருந்து நான்கு நண்பர்கள் நான்கு கயாக்குகளில் தூண்டில் போடப் புறப்பட்டார்கள். நால்வரும் சென்னைக்காரர்கள், நால்வரும் நிறையப் படித்தவர்கள். பின்னால் நேர்ந்த குழப்பத்துக்கு இரண்டாவது காரணமே முதன்மையானது. ஆய்வு நாகரிகம் கருதி இவர்களைத் தரவாளர் அ, ஆ, இ, ஈ என இக்கட்டுரை குறிக்கும்.

முதலில் பொழுது. நெய்தல் நிலத்துக்குச் சிறுபொழுது எற்பாடு. இதிலுள்ள ‘பாடு’ ஞாயிறு சாய்வதா, எழுவதா என்று புலவர்கள் நெடுங்காலம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். மீனவர்களைக் கேட்டிருந்தால், விடியுமுன் கரைக்காற்றோடு போய்க் கடல்காற்று எழுந்ததும் திரும்புவோம் என்று சொல்லியிருப்பார்கள். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மீனவர்களுக்குத் தெரிந்த பாடு மீன்பாடு. ஊரின் பெயரிலேயே இன்னொரு பாடு இருப்பதை இங்கே சுட்டிக்காட்டுவதோடு நிறுத்திக்கொள்வோம். இதை வைத்து யாரேனும் முனைவர் பட்டம் வாங்க வாய்ப்பிருக்கிறது.

அடுத்து கலம். வடதுருவத்து மக்கள் சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்திச் செய்தது கயாக். ஆங்கிலத்தில் எழுதினால் அந்தப் பெயர் இடமிருந்தும் வலமிருந்தும் ஒன்றாகவே வரும், அதாவது மாலைமாற்று. கவிழ்ந்தாலும் பெயர் மாறாத கலம் இது ஒன்றுதான். நண்பர்கள் ஏறியதோ மேலே உட்கார்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் வகை. அதன் தட்டில் துளைகள் உண்டு. ஏறிய அலைநீர் அவற்றின் வழியே இறங்கிவிடும். மரங்களின் இடுக்கு வழியே நீரை வடியவிட்ட கட்டுமரத்துக்கு இது புதிதல்ல. அந்தக் கட்டுமரத்தை வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளிவந்த தம் பயண நூலில் குறித்துவைத்தார். பிறகு ஆங்கிலம் பேசுவோர் அந்தப் பெயரைக் கொண்டுபோய், கட்டுமரத்தோடு ஒட்டோ உறவோ இல்லாத இரட்டை உடல் படகுக்குச் சூட்டினார்கள். நம் அகராதிகளும் அதை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டன.

உணவு: இட்லி. நனைந்தது.

இனி ஆய்வுப் பொருள். காலை ஏழரை மணி அளவில் தரவாளர் ஆ, “மாட்டிக்கிச்சு!” என்று கத்தினார்.

இலக்கணப்படி இது தோன்றா எழுவாய். மாட்டியது எது? மீனா, கிழிந்த வலைத்துண்டா, சொந்தச் சட்டையா? சட்டைதான் என்று தரவாளர் இ உடனே தீர்ப்பளித்தார் (முன்னுதாரணம்: சென்ற முறை). தொல்காப்பியர் சொல்லும் 34 செய்யுள் உறுப்புகளில் ‘மாட்டு’ என்று ஒன்று உண்டு. தள்ளித் தள்ளிக் கிடக்கும் சொற்களை இழுத்துப் பொருள்கொள்வது அது. எங்கோ கிடந்த சொல்லை எங்கோ கொண்டுபோய் மாட்டுவதில் உரையாசிரியர் நச்சினார்க்கினியரை மிஞ்சிய தூண்டில்காரர் தமிழில் இல்லை. அந்த வழியில் எழுவாயைத் தேடிய தரவாளர் அ, “என்னடா?” என்று கேட்டார். காற்றைக் கிழித்துக்கொண்டு விடை வந்தது: “பாறை!”

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பாறை என்பது கல். பாறை என்பது மீனும்கூட. வால்பக்கம் ஓரமாக முள்வரிசை ஓடும், குழம்புக்கு ஏற்ற மீன். வாழ்த்துவதா, வருந்துவதா?

மீன்வாதிகளின் கட்சி: ஆவின் கயாக் ஓரிடத்தில் நிற்காமல் அலைக்கழிந்தது. கயாக் எடை குறைந்தது. பெரிய மீன் அதை இழுத்துக்கொண்டே போகும். ஆகவே மீன் (அ, நேர்ப்பேச்சு, காற்றுக்கு எதிராக).

கல்வாதிகளின் மறுப்பு: கரைக்காற்று கயாக்கைக் கிழக்கே தள்ளும், அலை தூக்கும்போதெல்லாம் தூண்டில் கழி வளையும். கல் இழுப்பதில்லை, இழுபடுவது நாம் (இ, உரத்த குரல், இரு முறை, இரண்டாம் முறை கேட்கவில்லை).

மூன்றாவது கட்சி கரையேறிய பிறகு உருவானது. தூண்டிலில் பட்ட பாறை, அடிப்பாறையைத் தேடி ஓடி அதன் விளிம்பில் நரம்பை அறுத்துவிடும் குணமுள்ளது. எனவே பாறையும் உண்டு, பாறையும் உண்டு (ஈ, டீக்கடை பெஞ்சு, இடமிருந்து இரண்டாம் இருக்கை, வடை வருமுன்; வடைக்குப் பின் இக்கருத்தைத் திரும்பப் பெற்றார், காண்க: அதே பெஞ்சு, வலக்கோடி; மூன்றாம் வடையில் மீண்டும் நிலைநாட்டினார், பாடபேதம்: நான்காம் வடை). இரு தரப்பையும் பகைக்காத கொள்கை என்பதால் கருத்தரங்குகளில் இதற்கு நல்ல எதிர்காலம் உண்டு.

கடல்மேல் நடந்த விவாதம் மட்டும் 20 நிமிடம் நீடித்தது. அதற்கிடையில் தரவாளர் ஆ, “டேய், யாராவது வாங்கடா” என்று பலமுறை அழைத்ததும் பதிவாகியிருக்கிறது. அதில் பொருள் மயக்கம் எதுவும் இல்லாததால் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

அப்போது அவ்வழியே வள்ளத்தில் வந்த பெரியவர் ஒருவர் இன்ஜினை நிறுத்தினார். கயாக்கைப் பார்க்கவில்லை, நரம்பு நீருக்குள் இறங்கும் இடத்தைப் பார்த்தார். “நரம்பு எடம் மாறல தம்பி. பார்ல பிடிச்சிருக்கு” என்றார்.

மன்னார் வளைகுடாக் கடலோடிகளுக்குக் கடலடிக் கல்திட்டு ‘பார்’. முத்துக் குளித்த காலத்திலிருந்தே முத்துப் பார் என்றுதான் பேச்சு. மீனுக்கு மட்டுமே பாறை. இரண்டு பொருள், இரண்டு சொல்.

இருப்பினும் ஆய்வு முடிவில் மாற்றம் இல்லை. பெரியவர் உரைகள் எதையும் மேற்கோள் காட்டவில்லை. ஒரே ஒரு கள ஆய்வை மட்டும் வைத்து முடிவுகட்டியிருக்கிறார். நரம்பை அறுத்த கத்தி அவருடையது.