தரகனுக்கு எதுக்குடா மாப்பிள்ளை?

வாடா பேராண்டி, உட்காரு. "ஆக்சிஜன் இல்லாட்டி தீப்பொறியே வராது"ன்னு உங்க ஆயாகிட்ட அளந்தியாமே? பாவம், பேரன் பேச்சு அவளுக்கு வேதம்.

நான் மூணாங்கிளாஸோட மாடு மேய்க்கப் போனவன். ஆனா திருவிடந்தைக்காரன்டா, கல்யாணக் கணக்கு அத்துப்படி. காலவ ரிஷியோட 360 பொண்ணுங்களை நாளைக்கு ஒண்ணா நம்ம நித்யகல்யாணப் பெருமாள் கட்டிக்கிட்டாருன்னு தலபுராணம். வரன் அமையாததுங்க இன்னிக்கும் மாலையும் கழுத்துமா 9 சுத்து வருதுங்க. எரியறதும் கல்யாணம்தான். விறகு பொண்ணு, ஆக்சிஜன் மாப்பிள்ளை. பொறி? அவன் தரகன்!

தரகன் தனியாவே ஊர் சுத்துவான். கரண்டுப் பொறி வெறும் நைட்ரஜன்லயும் பாயும். ஆனா மாமல்லபுரத்துல உளியைச் சாணை பிடிக்கறப்ப பறக்குதே, அந்தப் பொறி வேற ரகம். உரசுற சூட்டுல பிஞ்சு வர்ற இரும்புத்தூள், காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேர்ந்து எரியறதாலதான் பூவாச் சிதறுது. ஆக்சிஜன் இல்லாட்டி மங்கலாச் சிவந்து அடங்கிடும். அங்க மட்டும் உனக்குப் பாதி மார்க் போடறேன், போ.

மாப்பிள்ளை காத்துலேர்ந்துதான் வரணுமா? 2024 ஆகஸ்ட் 24 அன்னிக்கு நம்ம ஊர்லேர்ந்து ரூமி-1னு ஹைப்ரிட் ராக்கெட் விட்டாங்களே. அந்த ரகத்துல பொண்ணு கட்டியா ஒரு பக்கம், ஆக்சிஜன் குடுக்கிற மாப்பிள்ளை தொட்டியில ஒரு பக்கம். சீர்வரிசையோட ஜோடியையே மூட்டை கட்டிக்கிட்டுப் போகும். தீபாவளி வெடியில வெடியுப்பு செய்யறதும் அதே வேலைதான்.

மாப்பிள்ளை ஆக்சிஜனாவே இருக்கணும்னு கூட இல்ல. சோடியத்துக்குக் குளோரின் கிடைச்சாலும் போதும், எரிஞ்சு முடிஞ்சா சாப்பாட்டு உப்பு! அப்படி அலையற சோடியத்தைக் கல்பாக்கம் ஈனுலையில டன் கணக்குல வெச்சிருக்கான். காவலுக்கு மேல யாரு தெரியுமா? ஆர்கான். எவளையும் கட்டிக்காத பிரம்மச்சாரி!

பரீட்சையில எதையாவது எழுதிட்டுப் போ. ராத்திரி வீட்டுல கேஸ் நாத்தம் அடிச்சா மட்டும் இந்தக் கிழவனை நினைச்சுக்கோ. பொண்ணும் மாப்பிள்ளையும் சமையக்கட்டுல ரெடியா நிக்குதுங்க, தரகன் சுவிட்சுக்குள்ள உட்கார்ந்திருக்கான். லைட்டும் போடாதே, ஃபேனும் போடாதே, எரியற லைட்டை அணைக்கவும் செய்யாதே. ரெகுலேட்டரை மூடு, கதவு ஜன்னலைத் திற, ஆயாவைக் கூட்டிக்கிட்டு வெளியே வா. அந்த ஒரு கல்யாணத்துக்கு மட்டும் நம்ம வீட்டுல பந்தி வேணாம்டா.