சூட்டில் ஸ்டார்ட் எடுக்குமா?

காலி வீதியில் மாலை ஐந்து மணிக்கு 100ஆம் இலக்க பாணந்துறை பஸ்ஸை முந்திவிட்டால் அதுவே பெரிய சாதனை. நகருக்குள் சட்டம் அனுமதிக்கிற வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர். சவோய் தியேட்டரடியில் நெரிசல் அனுமதிக்கிற வேகத்துக்கு மீற்றரில் கோடே போடவில்லை. இருந்தும் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் இளந்தாரிகள் 200ஐத் தாண்டுகிற கார்களைக் கனவு காண்கிறார்கள். எந்தப் பொருளாதார நெருக்கடியும் அதை நிறுத்தவில்லை. என் அக்காவின் மகனுக்கு அந்தக் கனவு மஸ்டா ஆர்.எக்ஸ். 8 என்ற உருவத்தில் வந்தது.

வடிவில் ஒரு குறையும் சொல்ல ஏலாது. முன்கதவு முன்னுக்கும் பின்கதவு பின்னுக்குமாகத் திறக்கும். நடுவில் தூணே இல்லை. ஆறு கியர் மனுவல், 9000 சுற்றில் சிவப்புக் கோடு. இவ்வளவும் ஒரு நல்ல விட்ஸ் காருக்குக் கேட்கிற காசைவிடக் குறைவு என்று அவன் சொன்னபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதிக்கு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கான கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் கல்லுக்கு மேல் ஏற்றி வைத்த கார்கூட விலை ஏறியது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் மலிவாக நிற்கிறதென்றால் அதற்கொரு நியாயம் இருக்கத்தானே வேண்டும்?

நியாயம் பொனற்றுக்குக் கீழே இருந்தது. ரொட்டறி எஞ்சின். பீலிக்ஸ் வான்கெல் என்ற ஜெர்மன்காரரின் யோசனை. பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. ரோட்டர் என்கிற, பக்கங்கள் வீங்கிய முக்கோணம் ஒன்று நீள்வட்டப் பெட்டிக்குள் சுழலும். ஆர்.எக்ஸ். 8இல் அப்படி இரண்டு. ஒவ்வொன்றும் 654 சீசீ, மொத்தம் 1308. முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும் அபெக்ஸ் சீல் என்ற மெல்லிய துண்டு சுவரை உரசிக்கொண்டே போய்க் காற்றை அடைத்து வைக்கும். ஆறே ஆறு துண்டுகள். அவை தேய்ந்தால், அல்லது அவை உரசுகிற சுவர் கீறுப்பட்டால், கொம்பிரஷன் போய்விடும். வெளியிலிருந்து கைவிட்டு ஒன்றை மாற்ற வழியில்லை. முழு எஞ்சினையும் இறக்கிப் பிரிக்க வேண்டும். அதற்கு வருகிற பில்லைப் பார்த்தால்தான் கார் ஏன் அந்த விலைக்கு நின்றதென்று விளங்கும்.

இது புதிய சங்கதியும் இல்லை. 1967இல் ஜெர்மனியின் என்.எஸ்.யூ. கம்பனி ரோ 80 என்ற காரில் ரொட்டறியைப் பூட்டியது. 1968ஆம் ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பட்டமும் கிடைத்தது. பிறகு எஞ்சின்கள் வரிசையாகப் படுத்தன. வீதியில் எதிரெதிரே வருகிற ரோ 80 சொந்தக்காரர்கள் கையசைப்பதில்லையாம். தங்களுக்கு எத்தனை எஞ்சின் மாறிவிட்டதென்று விரல்களைக் காட்டிவிட்டுப் போவார்களாம். ஹிரோஷிமாவின் மஸ்டாதான் பிடிவாதமாக நின்று, 1991இல் லு மான் 24 மணித்தியாலப் பந்தயத்தையும் ரொட்டறியால் வென்றது. எங்கள் மருமகன் இந்த வரலாற்றில் 1991ஐ மட்டும் படித்திருந்தான். அதே மஸ்டா 2008இல் ஆர்.எக்ஸ். 8 எஞ்சினுக்கான உத்தரவாதத்தை அமெரிக்காவில் 8 வருடம் அல்லது 100,000 மைல் என்று நீட்ட வேண்டி வந்ததை எடுத்துச் சொன்னேன்.

"பாத்தீங்களோ மாமா, கொம்பனிக்கே அவ்வளவு நம்பிக்கை" என்றான்.

இவனுக்குக் கலியாணம் பேசத் தொடங்கினால் அக்கா சாதகத்தை வெள்ளவத்தையில் ஒரு சாத்திரியாரிடமும், மனம் ஆறாமல் யாழ்ப்பாணத்தில் இன்னொருவரிடமும் காட்டுவா. பெண்ணின் பெரியம்மாவுக்குச் சீனி வருத்தம் உண்டா என்பதுவரை விசாரணை போகும். அதே வீட்டில் பல இலட்சம் கொடுத்துக் கார் எடுக்கும்போது, சிவப்பு நிறம் ராசிக்கு ஒத்துவருமா, நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறதா என்பதோடு பொருத்தம் பார்த்து முடிந்துவிட்டது.

நான் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: கார் பார்க்கப் போகையில் பாமன்கடைக் கராஜ் பாஸும் எங்களோடு வர வேண்டும். "பாக்கிறதுக்கும் காசோ?" என்று அக்கா முகம் சுழித்தா. எஞ்சின் போனால் கொடுக்க வேண்டிய காசோடு ஒப்பிட்டால் அது உண்டியலில் போடுகிற சில்லறை என்று சொல்லி வைத்தேன்.

போகிற வழியில் பாஸ் ரொட்டறியின் குணாதிசயங்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். குளிர்ந்து கிடக்கும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, சூடேறுமுன் நிறுத்தினால் உள்ளே பெற்றோல் தேங்கி, பிளக் நனைந்து, பிறகு கிளம்பாமல் அடம்பிடிக்குமாம். வெள்ளவத்தை மாடிவீட்டுக்காரருக்கு இதைவிடக் கொடுமை உண்டா? எங்கள் தரிப்பிடத்தில் ஒரு காருக்குப் பின்னால் இன்னொரு காரைத்தான் விட முடியும். அதிகாலையில் காவலாளி மணியடித்து, "ஐயா, மூன்றாம் மாடி டொக்டர் வெளிக்கிடுறார், கொஞ்சம் எடுத்துவிடுங்கோ" என்பார். சாதாரணக் காரென்றால் பத்தடி பின்னுக்கு விட்டுவிட்டுப் போய்ப் படுக்கலாம். இதை வைத்திருப்பவர் சாரத்தோடு மரைன் டிரைவில் தெஹிவளை வரை போய் எஞ்சினுக்குச் சூடேற்றிக்கொண்டு வர வேண்டும்.

பெற்றோலையும் மறந்துவிடக்கூடாது. 2022இல் கியூ.ஆர். அட்டைக்குக் காரொன்றுக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். நகர ஓட்டத்தில் ஆறோ ஏழோ கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் கேட்கும் இந்தக் காரில் அந்த நாளில் கண்டிக்குப் போயிருக்கலாம். திரும்பி வர அடுத்த கிழமை வரை அங்கேயே தங்க வேண்டியதுதான்.

கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் கார் நின்றது. கழுவித் துடைத்து, டயருக்குக் கறுப்புப் பூசி, மாப்பிள்ளை மாதிரி. "வாங்க வாங்க" என்று சொந்தக்காரர் வரவேற்றார். டாஷ்போர்டில் பிள்ளையாரும் கொச்சிக்கடை அந்தோனியாரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள்.

"ரெண்டு பேரையும் வெச்சிருக்கார்னா எஞ்சின்ல ஏதோ இருக்கு" என்று பாஸ் என் காதுக்குள் சொன்னார்.

சொந்தக்காரர் பெருமையோடு தொடங்கினார்: "இந்த எஞ்சின் ஒரு சொட்டு ஒயில் குடிக்காது." வேறு காருக்கு இது நற்சான்றிதழ். ரொட்டறிக்கு மரண அறிவித்தல். அந்த சீல்களுக்கு வழுக்கல் கொடுக்கவென்றே ஒரு பம்ப் எரியும் அறைக்குள் ஒயிலைச் சொட்டுச் சொட்டாக விடுகிறது. ஒயில் குறைந்தே தீர வேண்டும். குறையாவிட்டால் பம்ப் பழுது, அல்லது சொல்கிறவர் பொய். பாஸ் ஒன்றும் பேசாமல் எஞ்சின் இலக்கத்தை டோர்ச் அடித்துப் பார்த்து, பதிவுச் சான்றிதழோடு ஒப்பிட்டார். பஞ்சிகாவத்தையில் வாங்கிய வேறொரு எஞ்சினைப் பூட்டிவிட்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்காமல் விற்கிறவர்களும் உண்டு. இலக்கம் சரியாக இருந்தது. மருமகன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

சாதாரணக் கார் பார்க்கப் போனால் எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். விற்கிறவர் முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணிச் சூடேற்றி வைத்திருந்தால் காலைச் சத்தங்களை மறைக்கிறார் என்று அர்த்தம். ரொட்டறிக்குப் பாடம் இன்னும் பாதி இருக்கிறது: நன்றாக ஓடிச் சூடேறிய பிறகு நிறுத்தி, திரும்ப ஸ்டார்ட் பண்ண வேண்டும். சூட்டில் ஒயில் இளகிவிடும். தேய்ந்த சீலுக்குத் துணை நிற்க ஒன்றும் இராது. துறைமுகப் பக்கம் கொள்கலன் லொறிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, அரை மணித்தியாலம் சுற்றிவிட்டு வந்தோம். பாஸ் சாவியைத் திருப்பி நிறுத்தினார். "நிப்பாட்ட வேணாமே, இப்படியே பேசலாமே" என்று சொந்தக்காரர் பதறினார். "ஒரு தேத்தண்ணி குடிப்பம்" என்றார் பாஸ்.

தேத்தண்ணிக்குப் பிறகு சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, சுற்றுகிறது, எதிர்வீட்டு ஆச்சி ஜன்னலால் எட்டிப் பார்க்கும்வரை சுற்றுகிறது.

"பெட்டரி கொஞ்சம் வீக்."

"பெட்டரி போன மாசம் போட்டது. ஸ்டிக்கர்ல திகதி இருக்கு" என்றார் பாஸ்.

மிச்சத்தைக் கருவி சொன்னது. பிஸ்டன் எஞ்சினுக்கு வைக்கிற கொம்பிரஷன் கேஜ் இதற்கு உதவாது. ரோட்டரின் மூன்று முகத்தில் பெரிய அளவை மட்டும் காட்டி மற்ற இரண்டையும் ஒளித்துவிடும். மூன்றையும் தனித்தனியே காட்டும் ரொட்டறிக் கருவியைப் பாஸ் தெரிந்த ஒருவரிடம் இரவல் வாங்கி வந்திருந்தார். நிமிடத்துக்கு 250 சுற்றில் 830 கிலோபாஸ்கல் இருப்பது மஸ்டாவின் கணக்கில் திறம். 680க்குக் கீழே போனால் எஞ்சின் முடிந்தது. முன் ரோட்டர் தட்டுத் தடுமாறித் தேறியது. பின் ரோட்டரில் ஒரு முகம் 600ஐ ஒட்டி நின்றது.

சொந்தக்காரர் அங்கேயே விலையைக் குறைத்தார். மருமகனின் கண் திரும்பவும் பளிச்சிட்டது. பாஸ் சிகரெட் பெட்டியைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதிக் கூட்டினார்: கார், எஞ்சின் பிரித்துப் பூட்டுகிற செலவு, நாலு பிளக், கொயில்கள், அடைபட்டிருக்கக்கூடிய கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர். கூட்டுத்தொகையில் அந்த விட்ஸோடு ஒரு ஓட்டோவும் வாங்கலாம் போலிருந்தது. எஞ்சின் செலவை முழுதாகக் கழித்தால் எடுக்கலாம் என்றோம். சொந்தக்காரர் பிள்ளையாரைப் பார்த்தார், அந்தோனியாரைப் பார்த்தார், மாட்டேனென்றார்.

ரொட்டறியை மட்டும் பழி சொல்வது சரியல்ல. போர்ஷ 996இல் ஐ.எம்.எஸ். என்ற சின்ன பெயாரிங் உடைந்தால் எஞ்சினே போகும். பி.எம்.டபிள்யூ. எம்3 வாங்குகிறவர்கள் ரொட் பெயாரிங் மாற்றிய பில்லைக் கேட்கிறார்கள். ஸ்போர்ட்ஸ் கார் ஒவ்வொன்றுக்கும் பரம்பரை வருத்தம் ஒன்று உண்டு. அதன் பெயரைக் கேட்டறிந்துகொண்டு போகிறவனுக்குப் பாதிக் காசு மிச்சம்.

கொட்டாஞ்சேனைக் கார் ஒரு கிழமைக்குள் விலைப்பட்டுவிட்டது என்று பாஸ் சொன்னார். வாங்கினவர் பெயின்டைத் தடவிப் பார்த்துவிட்டு அன்றே காசு கொடுத்தாராம். ஐயா, நீங்கள் இதை வாசிக்க நேர்ந்தால்: பெற்றோல் அடிக்கும்போதெல்லாம் ஒயிலையும் பாருங்கள், சூடேறுமுன் நிறுத்தாதீர்கள், எஞ்சினுக்கென்று இன்றைக்கே ஒரு சீட்டுப் பிடிக்கத் தொடங்குங்கள்.