சிலிண்டர் தீர்ந்த ஞாயிறு

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு எங்கள் வீட்டு சிலிண்டர் உயிரை விட்டது. இட்லி வெந்து இறங்கிய பிறகு விட்டதால் அதன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் திருச்செந்தூர் போன என் மனைவியின் அத்தை குடும்பம் திரும்பும் வழியில் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வருவதாகத் தாக்கல் வந்திருந்தது.

"பேசாம கால் கிலோ மக்ரூன் வாங்கிட்டு வந்துருங்க" என்றாள் மனைவி.

இந்தத் தூத்துக்குடியில் எல்லாச் சிக்கலுக்கும் அதுதான் தீர்வு. ஆனால் பெங்களூரில் இருக்கும் மகள் முந்தின வாரம்தான் எனக்கு ஒரு செய்முறை அனுப்பியிருந்தாள். அடுப்பே வேண்டாத இனிப்பு. பேரீச்சை, பாதாம், கோக்கோ தூள், மேப்பிள் சிரப், ஒரு சிட்டிகை கடல் உப்பு. அரைக்க வேண்டியது, உருட்ட வேண்டியது, தின்ன வேண்டியது. பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டில் எனக்கென்று ஒரு துறை இல்லாமல் இருந்தது. பச்சை இனிப்புத் துறையை நானே எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் இருந்தது பேரீச்சை மட்டும்தான். பாதாம் இல்லை, முந்திரி இருந்தது. இதற்கு நான் கூச்சப்படவில்லை. மக்ரூனே அப்படிப் பிறந்ததுதானே? ஐரோப்பாவில் அதைப் பாதாமில் செய்கிறார்கள். கப்பலேறி இந்தக் கரைக்கு வந்ததும் நம்மாள் பாதாமைத் தள்ளிவிட்டு முந்திரியைப் போட்டான். முட்டை வெள்ளைக்கருவையும் சீனியையும் நுரைக்க அடித்து, முந்திரிப் பொடியைக் கலந்து, கூம்புக் கூம்பாகப் பிழிந்து, சூடு அடங்கிவரும் அடுப்பில் பொறுமையாக உலர விட்டான். இருந்ததைப் போட்டுச் செய்த பலகாரத்தால் ஊருக்கே பெயர் வந்துவிட்டது.

கோக்கோ இல்லை. விட்டுவிட்டேன்.

மேப்பிள் சிரப்புக்கு வந்தேன். கனடாக்காரர்கள் மரத்தின் அடியில் துளை போட்டு, வாளியைத் தொங்கவிட்டு, ஒழுகும் நீரைப் பிடித்துக் காய்ச்சுகிறார்கள். ஒரு லிட்டர் சிரப்புக்கு ஏறக்குறைய நாற்பது லிட்டர் நீர் வேண்டுமாம். இருக்கட்டும். ஆனால் தரையில் நின்றபடி செய்கிற வேலைக்கு என்ன மரியாதை? இங்கே பனையேறி காலையும் மாலையும் உச்சிவரை ஏறி, பாளையைச் சீவி, கலயத்தில் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்ததை இறக்கிக்கொண்டு வருகிறார். ஆகவே மேப்பிளுக்குப் பதில் பதநீர் என்று முடிவுசெய்து, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திருச்செந்தூர் சாலையில் முத்தையாபுரம் பக்கம் போனேன்.

ஓலைப் பந்தலில் பதநீர் இருந்தது. எனக்கோ இயற்கை வெறி தலைக்கேறியிருந்தது. "அண்ணாச்சி, சுண்ணாம்பு சேராத பதநீ கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சுண்ணாம்பு தடவாத கலயத்துல இறங்குறது வேற சரக்கு சார். அதுக்கு என்னைப் பிடிச்சுக்கிட்டுப் போயிருவாவ."

பட்டை ஓலையில் ஊற்றி, நுங்கைப் பெருவிரலால் நோண்டிப் போட்டுக் கொடுத்தார். வெட்கத்தோடு குடித்தேன். அதுவும் அடுப்பில்லாத இனிப்புதான், செய்முறைகூடக் கிடையாது என்பது குடித்து முடித்த பிறகுதான் உறைத்தது. ஆனால் பதநீரை வைத்து உருண்டை பிடிக்க முடியாதே. உடன்குடிக் கருப்பட்டி அரைக் கிலோ வாங்கினேன்.

திரும்பும் வழியில் கடல் உப்பைப் பற்றி நினைத்துச் சிரிப்பு வந்தது. "சாதா உப்பைப் போட்டுறாதீங்கப்பா, நல்ல கடல் உப்பா பார்த்து வாங்குங்க" என்று மகள் தனியாகக் குரல்பதிவு வேறு அனுப்பியிருந்தாள். சாலையின் இரண்டு பக்கமும் உப்பளம். ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல்கள் வரிசையாக நிற்கின்றன. வீட்டுக்கு வந்து ஊறுகாய் உப்பில் ஒரு சிட்டிகை அள்ளிப் போட்டேன். அது கல்லுப்பு என்பதும், என் சிட்டிகை கொஞ்சம் பெரியது என்பதும் பின்னால் தெரியவந்தன.

முந்திரியையும் பேரீச்சையையும் மிக்ஸியில் அரைத்து, கருப்பட்டியைத் தேங்காய்த் துருவியில் துருவிச் சேர்த்தேன். அதில் என் விரல் முட்டியும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். உருட்டும்போதுதான் ஒரு யோசனை வந்தது. அரசாங்கம் இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடத்தியது 1961-ல். அதன்பிறகு 1973-ல், இதே ஊரில் விஞ்ஞானி அழகர்சாமி, சிப்பிக்குள் ஒரு சிறு மணியையும் இன்னொரு சிப்பியின் திசுத் துணுக்கையும் வைத்து உருண்டையான முத்தை வளர்த்துக் காட்டினார். நானும் ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் ஒரு முழு முந்திரியை வைத்துப் பொதிந்து, தேங்காய்ப்பூவில் புரட்டினேன். பதினாறு உருண்டை. பெயர்: முத்துக்குளி.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னத்த உருட்டிக்கிட்டு இருக்கிய?"

"அடுப்பே படாத இனிப்பு. எல்லாம் பச்சை."

"எது பச்சை? கருப்பட்டி விளையில மணிக்கணக்கா கொதிச்சது. முந்திரியை வறுக்காமலோ அவிக்காமலோ ஓட்டை உடைச்சா கை வெந்துபோகும், அவ்வளவு காரம் அந்த எண்ணெய். உப்பை வெயில் வேகவச்சிட்டு. இதுல வேகாதது உங்க பேச்சு ஒண்ணுதான்." போகிறபோக்கில் இன்னொன்றும் கேட்டாள். "கருப்பட்டியை வடிகட்டினியளா?"

"காய்ச்சினால்தானே வடிகட்ட?" என்றேன் வெற்றிக் களிப்போடு.

சாயங்காலம் எல்லாரும் வந்தார்கள். அத்தை ஓர் உருண்டையை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். ரசிக்கிறார் என்று நினைத்தேன். கல்லுப்பு கடைவாய்ப் பல்லில் மாட்டியிருந்திருக்கிறது. மாமா பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் கைக்குட்டைக்குள் வைத்தார். "வீட்டுல போய்ச் சாப்பிடுதேன், நல்லாருக்கு." வாசலில் நின்ற அவருடைய பேரன்தான் பாக்கி. நறநறவென்று மென்றவன் சட்டென்று நிறுத்தி, உள்ளங்கையில் எதையோ துப்பி, என்னிடம் நீட்டினான்.

"தாத்தா, எனக்கு முத்து கிடைச்சிட்டு!"

பழுப்பாக ஒரு மணல் துகள். உடன்குடித் தேரி மணலாகத்தான் இருக்க வேண்டும்.

மறுநாள் சிலிண்டர் வந்தது. மிஞ்சிய பதிமூன்று முத்துக்களையும் மனைவி தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, கரைந்ததை வடிகட்டி, அவலும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பாயசம் வைத்தாள். நான் இரண்டு டம்ளர் குடித்தேன். மூன்றாவதற்குக் கையை நீட்டியபோது, வடிகட்டியைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே பிடித்துக் காட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள்.